காற்றில் ஒரு சிறகு, நீரில் ஒரு சிறகு

சோளகம் எழும்புகின்ற காலத்தில் கற்பிட்டிப் பக்கமிருந்து எமக்கு வரும் கடிதங்களில் மீன் விலையும் உப்பு விளைவுமே பெரும்பாலும் இடம்பெறும். இம்முறை வந்த ஒரு கடிதம் வேறு வகையானது. எழுதியவர் ஒரு தாயார். அவருடைய மகனுக்கு வயது பத்தொன்பது. வெளிநாட்டார் வந்து களப்பில் ஆடுகின்ற ‘விங் பொயில்’ என்னும் விளையாட்டைப் பார்த்துப் பார்த்து அதிலே மோகங்கொண்டு, விறாந்தையின் ஒரு பக்கம் முழுவதையும் ரெஜிபோம் கட்டிகளால் நிரப்பிவிட்டு, தானே ஒரு பலகை செய்யப் போவதாக ஒற்றைக் காலில் நிற்கிறானாம். தகப்பனார் கண்ணாடி நார் வள்ளங்கள் கட்டும் பட்டறையிலே வேலை செய்பவர். “பிசின் நான் கொண்டுவந்து தருகிறேன்” என்று அவரும் மகனுக்குப் பக்கபலமாக நிற்கிறாராம். “இது நடக்கிற காரியமா, அல்லது பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கப்போகிறேனா?” என்று கேட்கிறார் அந்த அம்மையார்.

நடக்கிற காரியந்தான். ஆனால், எதை வீட்டிலே செய்யலாம், எதைச் செய்யலாகாது என்னும் எல்லையை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். பலகையைச் செய்யலாம். அதன் கீழே பொருத்துகின்ற நீர்ச்சிறகைச் செய்யலாகாது. தகப்பனார் அந்தப் பிசினை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

இவ்விளையாட்டைக் கண்டிராத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆடுபவர் ஒரு சிறு பலகைமீது நிற்கிறார். கையில், காற்று நிரப்பிய விளிம்புடைய துணிச்சிறகு ஒன்றைப் பிடித்திருக்கிறார். அது பாய்மரத்தோடும் பலகையோடும் கட்டப்பட்டதன்று. கையை விட்டால் தனியே போய் விழும். பலகையின் அடியிலிருந்து எழுபது, எண்பது சென்ரிமீற்றர் நீளமான ஒரு தண்டு நீருக்குள் இறங்குகிறது. அதன் நுனியிலே ஆகாய விமானத்தின் சிறு உருவம் போல, முன்னே அகன்ற சிறகும் பின்னே சின்னஞ்சிறு வாற்சிறகும் இருக்கின்றன. வேகம் ஏறியதும் நீருக்குள் இருக்கும் அச்சிறகு பலகையை ஆளோடு தூக்கிவிடுகிறது. பலகை நீரைத் தொடுவதில்லை. அலையின் அறையும் இல்லை, ஓசையும் இல்லை. கரையிலிருந்து பார்க்கும் சிறு பிள்ளைகள், மாயம் என்று வாய்பிளந்து நிற்பதில் வியப்பில்லை.

மாயம் ஒன்றுமில்லை என்பதை நூறாண்டுகளுக்கு முன்னரே காட்டிவிட்டார்கள். இத்தாலியரான என்றிக்கோ போர்லானினி 1906 ஆம் ஆண்டிலே மஜ்ஜோரே ஏரியில் இத்தகைய சிறகுகள் பூட்டிய படகொன்றை நீருக்கு மேலே எழுப்பி ஓட்டினார். தொலைபேசியினால் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல்லும் அவருடைய கூட்டாளியான போல்ட்வினும் கனடாவில் கட்டிய படகு, 1919 இல் மணிக்கு 114 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிச் சாதனை நாட்டியது. அதே சிறகை அலைப்பலகையின் கீழே பூட்டிப் பார்த்தவர்கள் ஹவாய்த் தீவினர். கையிலே பிடிக்கும் காற்றுச் சிறகு 2019 அளவிலேயே கடைகளுக்கு வந்தது. ஆகவே, விளையாட்டு புதிது, விதி பழையது.

அந்த விதியை இளைஞர் ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால், எந்தச் சாமானை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். நீர், காற்றைக் காட்டிலும் எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. ஆகையால், காற்றிலே ஐந்து சதுர மீற்றர் துணி செய்யும் வேலையை விடப் பெரிய வேலையை, நீருக்குள்ளே ஒரு தாம்பாளத்தின் அளவான சிறகு செய்துவிடுகிறது. தூக்கும் வலு, சிறகின் பரப்போடு கூடுகிறது; வேகத்தின் இருமடியோடும் கூடுகிறது. எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர், பலகையும் மற்றவையும் சேர்த்து எண்பத்தைந்து கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 1800 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள முன்சிறகு, மணிக்குப் பதினொரு கிலோமீற்றர் அளவிலேயே அவரைத் தூக்கிவிடும். பரப்பைப் பாதியாக்கினால், பதினைந்து, பதினாறு கிலோமீற்றர் வேகம் வந்தாலன்றி எழும்பாது. வல்லவர்கள் சிறிய சிறகோடு பறந்து செல்வதைக் கண்டு, பழகுகிறவனும் அதையே வாங்கினால், அவன் நாள் முழுவதும் களப்பை உழுதுகொண்டிருப்பான். முதற் சிறகு 1500 முதல் 2000 சதுர சென்ரிமீற்றர் வரை இருக்கட்டும். எழுபது கிலோகிராம் எடைக்காரருக்கு, மணிக்குப் பதினைந்து முதல் இருபது கடல் மைல் வரை வீசும் காற்றிலே, கையில் ஐந்து சதுர மீற்றர்ச் சிறகு போதும். காற்று குறைவான நாளில் பெரிய கைச்சிறகுக்கு ஆசைப்படுவதை விட, நீர்ச்சிறகைப் பெரிதாக்குவதே நன்று என்பது எமது அபிப்பிராயம். பெரிய கைச்சிறகின் நுனி நீரிலே தட்டும், தோளும் சோர்ந்துபோகும்.

இந்த நீர்ச்சிறகை வீட்டிலே செய்யலாகாது என்று ஏன் சொன்னோம்? அதன் வளைவிலே ஓரிரு மில்லிமீற்றர் தவறினாலும், இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் ஒரு விதமாகவும் தூக்கும். அது மட்டுமன்று. ஆளின் பாரம் முழுவதும் அந்த ஒற்றைத் தண்டின் வழியாகவே போய்வருகிறது. நடுக்களப்பிலே முறிந்தால், முறிந்த விளிம்பு கத்தியாகிக் காலுக்குக் கீழே நிற்கும். ஆகவே கைச்சிறகும் நீர்ச்சிறகும் வாங்க வேண்டியவையே. எல்லாம் புதிதாக வாங்கினால் ஒரு மோட்டார் சைக்கிளின் விலை ஆகும். பருவம் முடிந்து ஊர் திரும்பும் பயணிகள் பழையதை விற்றுவிட்டுப் போவதுண்டு. அதைப் பார்த்து வாங்கலாம். கைச்சிறகை ஓர் இரவு காற்று நிரப்பி வைத்து, காலையிலே தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர்ச்சிறகின் ஆணிகள் எல்லாவற்றையும் விற்பவர் முன்னிலையிலேயே கழற்றிப் பார்க்க வேண்டும். அலுமினியத் தண்டிலே உருக்கு ஆணி உப்பு நீரோடு கிடந்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்று இறுகிவிடும். கழலாத ஆணியுள்ள தண்டை இனாமாகத் தந்தாலும் வேண்டாம். ஒரு கம்பனியின் தண்டு மற்றொரு கம்பனியின் சிறகுக்குப் பொருந்துவதும் அரிது. தண்டும் சிறகுகளும் ஒரே தொகுதியாக வாங்குக. காபன் நார்த் தண்டு விறைப்பானது, விலையும் விறைப்பானது. பழகுகிறவனுக்கு அலுமினியமே தாராளம்.

இனிப் பலகை. இங்கேதான் வீட்டு உழைப்புக்குப் பலன் உண்டு.

பழகுகிறவன் நிற்கும் பலகை, அவன் எடையை விட முப்பது, நாற்பது லீற்றர் கூடுதலாக மிதப்புள்ளதாக இருத்தல் வேண்டும். எழுபது கிலோகிராம் இளைஞனுக்கு 100 முதல் 110 லீற்றர். நீளம் 180 சென்ரிமீற்றர், அகலம் 70, தடிப்பு 13 என்று கொண்டு, அணியத்தையும் அமரத்தையும் ஓரங்களையும் சீவியெடுத்தால் ஏறத்தாழ அந்தக் கணக்கு வரும். அண்மைக் காலத்திலே ஒடுங்கி நீண்ட பலகைகள் பெருகியிருக்கின்றன. அவை விரைவில் எழும்புவது உண்மை. ஆயினும் முழங்காலிலிருந்து எழுந்து நிற்கப் பழகும் நாட்களில் அகலமே துணை.

ரெஜிபோம், கன மீற்றருக்கு இருபது கிலோகிராம் அளவான அடர்த்தியுடைய கட்டியாக இருக்கட்டும். வானொலிப் பெட்டி பொதிந்து வந்த மெல்லிய ரகத்தை ஒட்டிச் சேர்ப்பது வீண் வேலை. மணிகளின் இடையே நீர் புகுந்துவிடும். நல்ல கட்டியிலே 110 லீற்றர்ப் பலகையின் உள்ளீடு இரண்டேகால் கிலோகிராமுக்கு மேல் வராது. சூடேறிய கம்பியினால் உருவத்தை வெட்டலாம். அதை வெளியிலே, காற்றோட்டத்திலே செய்ய வேண்டும். பின்னர் சீவுளியும் அரத்தாளும். வெட்டுவதற்கு முன் ஒட்டுப்பலகையிலே அச்சுருவம் வெட்டி வைத்துக்கொண்டால் இரு பக்கமும் ஒத்து வரும்.

இப்பொழுது பிசினுக்கு வருவோம். எமது கரைகளிலே ஓடும் கண்ணாடி நார் வள்ளங்கள் பொலியெஸ்ரர்ப் பிசினாலே ஆனவை. அந்தப் பிசினிலே கலந்திருக்கும் திரவம் ரெஜிபோமைக் கரைத்துவிடும். தகப்பனார் அன்போடு கொண்டுவந்த பிசினைப் பூசிய சில நிமிடங்களிலேயே, மகன் ஒரு மாதமாகச் சீவிய பலகை குழிகுழியாக உருகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரெஜிபோமுக்கு எபொக்சிப் பிசின் ஒன்றே தக்கது. விலை கூடுதல், அதிலே சிக்கனம் பார்க்க வழியில்லை.

பட்டறைக் கைப்பழக்கம் இன்னோரிடத்திலும் ஏமாற்றும். பொலியெஸ்ரரிலே, இறுகச் செய்யும் திரவத்தைச் சில துளி கூட்டியோ குறைத்தோ நேரத்தைச் சரிக்கட்டலாம். தகப்பனார் அதிலே கைதேர்ந்தவராயிருப்பார். எபொக்சியிலே அந்த வித்தை செல்லாது. இரண்டு பங்குக்கு ஒன்று என்று டின்னிலே குறித்திருந்தால், அதுவே அளவு. கூட்டினாலும் குறைத்தாலும் பிசின் என்றைக்கும் முழுதாக இறுகாது. தராசிலே நிறுத்தே கலக்க வேண்டும். எமது வெயிலிலே ஒரு கோப்பை நிறையக் கலந்து வைத்தால், தானே சூடேறிப் புகையும். சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டிலே ஊற்றிக்கொள்க. மழை பெய்து ஓய்ந்த மாலையில் பூசினால் மேலே பிசுபிசுப்பான படலம் படியும். அதை நீரால் துடைத்து, அரத்தாள் போட்ட பின்னரே அடுத்த பூச்சு. கையுறை இன்றித் தொடலாகாது; ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் எபொக்சி பக்கம் போக முடியாது. தேய்க்கும்போது முகமூடி வேண்டும். அம்மையார் சமையற்கட்டை அந்த நாட்களில் பூட்டி வைப்பது உத்தமம்.

சதுர மீற்றருக்கு இருநூறு கிராம் எடையுள்ள கண்ணாடி நார்த்துணி, அடியிலே இரண்டு மடிப்பும், கால் ஊன்றும் மேற்புறத்திலே மூன்று மடிப்பும் போதும். குதிகால் பதியும் இடத்திலே இன்னொரு துண்டு வைத்தால் நட்டமில்லை.

யாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது தண்டு பொருந்தும் இடத்தைப் பற்றியே. அடியிலே 90 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு பள்ளச் சட்டங்கள் பதிக்கப்படும். அவற்றிலே எட்டு மில்லிமீற்றர் ஆணிகள் நான்கு தண்டைப் பிடிக்கின்றன. முக்கால் மீற்றர் நெம்புகோல் அந்த நான்கு ஆணிகளையும் ஒவ்வொரு திருப்பத்திலும் பிடுங்கப் பார்க்கிறது. அச்சட்டங்களை வெறும் ரெஜிபோமிலே புதைத்துப் பிசின் ஊற்றி மூடிவிட்டால், வெளிப்பார்வைக்கு எல்லாம் அழகாயிருக்கும். சில நாள் ஓட்டத்திலே சுற்றிலும் மயிர்க்கோடு போல வெடிப்புக் காணும். அடுத்து ஒரு நாள், தண்டும் சட்டமும் ரெஜிபோம் துண்டும் ஒருசேரப் பிடுங்கிக்கொண்டு களப்பின் அடிக்குப் போய்விடும். வீட்டிலே செய்த பலகைகள் கெடுவதற்கு முதல் இடம் இதுவே. சட்டங்களைக் கடினமான பீ.வீ.சீ நுரைக் கட்டியிலே பதிக்க வேண்டும். அக்கட்டி பலகையின் அடித்தோலிலிருந்து மேற்றோல் வரை முழுத் தடிப்பையும் ஊடுருவி நின்று, இரு தோலோடும் நார்த்துணியால் பிணைக்கப்பட வேண்டும். அப்பொழுது பாரம், நிற்கின்ற காலிலிருந்து நேரே தண்டுக்கு இறங்கும். காபன் நார்த்துணி சிறிது வாங்க முடியுமானால் அதை இவ்விடத்திலே செலவிடுக, அணியத்திலே அலங்காரத்துக்காக அன்று. ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்ததும் விரலால் அந்தச் சட்டங்களைச் சுற்றித் தடவிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

மேற்புறத்திலே ஒரு சிறு துவாரமும் அதற்கு ஒரு திருகாணியும் மறவாமல் வைக்க வேண்டும். வெயிலிலே உள்ளிருக்கும் காற்று விரிந்து தோலை உரித்துவிடும். கரையிலே திருகாணியைத் தளர்த்தினால் அது வெளியேறும். நீரில் இறங்குமுன் இறுக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பலகைக்கு வெள்ளை நிறமே பூசுக. கறுப்புப் பலகை கற்பிட்டி வெயிலிலே ரெஜிபோமை இளக்கிவிடும்.

பிசின் பூரணமாக இறுக ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தை இளைஞர் கைச்சிறகோடு மணலிலே கழிக்கட்டும். பின்னர் நீர்ச்சிறகு இல்லாத பெரிய பலகையொன்றை வாடகைக்கு எடுத்து, கைச்சிறகோடு போய்த் திரும்பப் பழகட்டும். இவ்விரண்டும் கைவந்த பிறகே தண்டைப் பூட்டுவது. தலைக்கவசமும் மிதப்புச் சட்டையும் அணிந்து, பலகைக்கும் கைச்சிறகுக்கும் தனித்தனிக் கயிறு கட்டி, விழும்போது பலகையை விட்டு விலகி விழ வேண்டும். நீந்தத் தெரியாதவருக்கு இவ்வளவும் பயனில்லை. மகனுக்கு நீந்தத் தெரியுமா என்பதை அம்மையார் எழுதவில்லை.

கற்பிட்டியிலே நீர் தட்டையானது என்பது பெரும் வசதி. ஆழம் குறைவு என்பது வசதிக் குறைவு. தண்டு முக்கால் மீற்றர் என்றால், நெஞ்சளவு நீர் உள்ள இடமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். களப்பிலே வலை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். நீர்ச்சிறகு ஒரு வலையைக் குறுக்கே வெட்டினால், அது ஒரு குடும்பத்தின் பல நாட் சம்பாத்தியம். எங்கே வலை, எங்கே கம்பு என்று காலையிலேயே சம்மாட்டிமாரிடம் கேட்டறிந்து செல்வது மரியாதையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

சோளகம் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுவது. தண்டு முறிந்தாலும், கைச்சிறகு கிழிந்தாலும், பலகைமேற் படுத்துக் கிடந்தால் அது கரைப்பக்கமாகவே கொண்டுபோகும். மார்கழி, தை மாதங்களிலே வீசும் வாடை மேற்குக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அக்காற்று மென்மையானதென்று எண்ணி, வீட்டிலே செய்த பலகையோடு வெளிக்கடலிலே இறங்குவதை இரண்டு பருவமாவது கழியும் வரை தகப்பனார் அனுமதிக்கக் கூடாது. அந்த மாதங்களிலே களப்புக்குள்ளே, காற்று இறங்கும் பக்கத்திலே நிலம் இருக்கும் இடமாகப் பார்த்துப் பழகலாம். கரையிலே ஒருவர் காவலாக நிற்க வேண்டும்.