போதைக்கு போதையே மருந்தா?

"அவனே போதை அடிமை. அவனுக்கு அரசாங்கமே இன்னொரு போதையைக் குடுக்குதா? வெளங்கிடும்!" மெத்தடோன் சிகிச்சைன்னு வாயைத் திறந்தாலே இந்தக் கேள்விதான் வருது.

சாமிகளா, கொஞ்சம் கேளுங்க. ஹெராயின் ஊசி சில மணி நேரத்துல இறங்கிடும். அப்புறம் வாந்தி, நடுக்கம், உடம்புவலி, அடுத்த ஊசிக்கு ஓட்டம். மெத்தடோன் அப்படியில்லை. தினம் ஒரு வேளை, வாய்வழியா. சரியான அளவுல குடுத்தா ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஆள் வேலைக்குப் போகலாம். ஊசி குறைஞ்சா, ஊசியைப் பகிர்றதால வர்ற ஹெச்.ஐ.வி.யும் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2005லயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தாச்சு. நம்ம நாட்டுலயும் அரசு மையங்கள்ல பூப்ரினார்ஃபின் மாத்திரை தர்றாங்க, நாக்குக்கு அடியில வெச்சுக்கணும்.

"நிறுத்திப் பாருங்க, தானா திருந்துவாங்க"ன்னு சொல்ற ஒழுக்கசீலர்களே, நிறுத்திப் பார்த்தாச்சு. கிரிமியாவுல!

2014 மார்ச்சுல ரஷ்யா கிரிமியாவைத் தன்னோட சேர்த்துக்கிச்சு. ரஷ்யாவுல மெத்தடோனுக்குத் தடை. சிகிச்சையில இருந்த சுமார் 800 பேருக்கு சில வாரத்துல மருந்து நின்னுபோச்சு. அவங்கள்ல 80லேர்ந்து 100 பேர் வரை செத்துட்டாங்க, பெரும்பாலும் அளவுமீறின போதையாலயும் தற்கொலையாலயும்னு ஐ.நா.வோட எய்ட்ஸ் சிறப்புத் தூதர் மிஷேல் கசட்ச்கின் 2015 ஜனவரியில சொன்னார்.

எட்டு, பத்து பேருக்கு ஒருத்தர்ங்க! திருந்துறதுக்கு மொதல்ல ஆள் உயிரோட இருக்கணுமா, வேண்டாமா? அதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் ஒழுக்கம் பேசுங்க.