கரையைக் கடந்த புயல் அப்புறம் எங்கே போகுது?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான புலம்பல். டீயோட உட்கார்ந்து படிங்க.

கார்த்திகை பிறந்தா போதும், ஆன்சைட்ல இருக்குற நம்ம மக்கள்கிட்டேர்ந்து ஒரு ஃபார்வர்டு வந்துடும். பனிப்புயலுக்கு எப்படித் தயாராகணும்னு ஒரு பட்டியல். மூணு நாளைக்குத் தண்ணி பிடிச்சு வை, அடுப்பு மூட்டாம சாப்பிடக்கூடியதா ஏதாவது வாங்கி வை, பேட்டரி ரேடியோ வச்சுக்கோ, கார்ல பெட்ரோலைப் பாதி டேங்குக்குக் கீழ விடாதே, மாத்திரை தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த மாசத்துக்கு வாங்கிடு, பனி வார மண்வெட்டி, வாசல்ல தூவ உப்பு. அதுக்குக் கீழேயே யாராவது ஒருத்தர் தவறாம எழுதுவார்: "நல்லவேளை, நம்ம ஊர்ல இந்தத் தொல்லையெல்லாம் இல்லப்பா :-)"

இந்த ஒரு வரி மேல இருக்குற கடுப்புதான் இந்தப் பதிவு.

எனக்கு ஊரு போளூர் பக்கம். காலைல கண்ணைத் தொறந்தா மேற்கால ஜவ்வாது மலை. அந்தப் பட்டியல்லேர்ந்து மண்வெட்டியையும் உப்பையும் மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைப் படிச்சுப் பாருங்க. ரோடு அடைச்சுக்கும், கரண்ட் போகும், போன் செத்துடும், ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, கடைக்குச் சரக்கு வராது. வெள்ளையா விழுற பஞ்சு ஆளைக் கொல்றதை விட இந்த ஒதுக்கப்பட்ட மூணு நாள்தான் அதிகம் கொல்லுது. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல அதுதான் நடந்தது. அந்த மாநில சுகாதாரத் துறை கணக்குப்படியே 246 பேர் செத்தாங்க. கரண்ட் இல்லாம வீட்டுக்குள்ளயே குளிர்ல விறைச்சவங்க, கதகதப்புக்காக ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் உள்ளே வச்சு விஷப்புகைல போனவங்கன்னு பல கதை. வருஷா வருஷம் பனி கொட்டுற ஊர்ல அவ்வளவு குளிரை ஜனங்க சமாளிச்சுட்டுப் போயிடுவாங்க. டெக்சாஸ் தயாரா இல்ல, அவ்வளவுதான்.

சரி, ஜமுனாமரத்தூர் தயாரா இருக்கா?

தெரியாதவங்களுக்காக: ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துல பரவிக் கிடக்கு. ஜமுனாமரத்தூர் தனி தாலுகா. போளூர்லேர்ந்து ஒரு வழி, ஆலங்காயத்துலேர்ந்து காவலூர் வழியா ஒண்ணு, அமிர்தி பக்கமா ஒண்ணு. எல்லாமே கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அந்த மெயின் ரோட்டுலேர்ந்து பிரிஞ்சு போற சின்னச் சின்ன ஊர்களுக்கு, ஓடையைத் தாண்டி மண்பாதைதான். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்றவங்க, அதனால மலையாளி.) இவங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழில வங்கக் கடல்லேர்ந்து வர்ற புயல்தான் பனிப்புயல். ஓடைல தண்ணி வந்து, ஒரு மரமும் நாலு பாறையும் ரோட்டுல விழுந்தா, கீழ் ஊருக்கும் மேல் ஊருக்கும் சம்பந்தமே இல்லாம போயிடும்.

இப்ப டிவிக்கு வருவோம். புயல் வருதுன்னா நம்ம சேனல்கள்ல என்ன ஓடும்? மெரினால ரெயின்கோட் போட்ட நிருபர், பின்னாடி அலை. கடலூர்ல ஒண்ணாம் எண் கூண்டு, நாகைல மூணாம் எண் கூண்டு. அந்தக் கூண்டு துறைமுகத்துல கப்பல்காரங்களுக்காக ஏத்துறது சாமி! கப்பலே இல்லாத திருப்பத்தூர்க்காரனும் வாயைப் பொளந்து அதைப் பாக்குறான். கடைசில ஒரு பிரேக்கிங் நியூஸ்: "புயல் கரையைக் கடந்தது". அதோட படம் முடிஞ்சுது, எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போன மாதிரி. கரையைக் கடந்த புயல் அப்படியே ஆவியாப் போயிடுதா?

ஃபெஞ்சலை எடுத்துக்குங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்தது. அங்கேயே பல மணி நேரம் நகராம நின்னு புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் மூழ்கடிச்சுட்டு, வலுவிழந்து மெதுவா மேற்கே வந்துச்சு. 'வலுவிழந்து'ங்கற வார்த்தையைக் கேட்டதும் நாம நிம்மதியாத் தூங்கிட்டோம். அந்த வலுவிழந்த சாதனம்தான் டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல ஊத்தங்கரைல 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டுச்சு. ஊத்தங்கரை எங்க இருக்கு? கடல்லேர்ந்து 130 கிலோமீட்டருக்கு மேல உள்ளே, ஜவ்வாது மலைக்குத் தென்மேற்குல. ரோட்டோரம் நிறுத்தி வச்சிருந்த வேனெல்லாம் பொம்மை மாதிரி உருண்டு போன வீடியோவை மறந்திருக்க மாட்டீங்க. டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைல வ.உ.சி. நகர் மேல மலை சரிஞ்சு 7 பேர் மண்ணுக்குள்ள போனாங்க, அதுல 5 பேர் குழந்தைங்க. அடுத்த நாள் விடியறதுக்குள்ள சாத்தனூர் அணைலேர்ந்து 1.68 லட்சம் கனஅடி திறந்து விட்டாங்க. இதெல்லாமே "கடந்தாச்சு"ன்னு சொன்னதுக்கு அப்புறம் நடந்தது.

இது ஒரு தடவை நடந்த விபத்துன்னு சொல்றவங்களுக்கு: 2021 நவம்பர் 19-ம் தேதி அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவுல கரையைக் கடந்தது புயலே இல்ல, பேர் கூட வைக்காத ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அன்னிக்குப் பேர்ணாம்பட்டுல வீடு இடிஞ்சு 9 பேர் செத்தாங்க, பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. 2018-ல கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி கொடைக்கானல் வரைக்கும் போய் மரத்தைச் சாய்ச்சு ரோட்டை அடைச்சுது. அவ்வளவு ஏன், 2025 நவம்பர் கடைசில டிட்வா இலங்கைல 600 பேருக்கு மேல கொண்டு போச்சு. எங்க அதிகம்? கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை. எல்லாம் மலை. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள்ல இருக்குற நம்ம ஜனங்களும் அதே சரிவுகள்லதான் இருக்காங்க.

"மலைக்கு வர்றதுக்குள்ள புயல் பாதி செத்துடும்"னு ஒரு நண்பர் என்கிட்ட வாதம் பண்ணினார். காத்து சாகும், ஒத்துக்கறேன். ஈரம் சாகாது. சுழல்ற காத்து கடல் ஈரத்தை அள்ளிக்கிட்டு வந்து சரிவுல மோதும், மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தா கொட்டும். சமவெளில பரவலாப் பெய்ய வேண்டியது மலைமுகட்டுல ஒரே இடத்துல இறங்கும். ஏற்கெனவே ஒரு மாசம் பெஞ்சு ஊறிப்போன மண்ணு, அடியில வழுக்குப் பாறை. அதுக்கு மேல புயல் மெதுவா நகர்ந்தா முடிஞ்சுது கதை.

இதுல எனக்கு ரொம்ப எரிச்சல் என்னன்னா, இது வானிலை ஆய்வுத் துறைக்குத் தெரியாத விஷயம் இல்ல. அவங்க புயல் எச்சரிக்கை நாலு கட்டமா வரும். நாலாவது கட்டத்துக்குப் பேரே 'கரை கடந்த பிறகான நிலவரம்'. கரையைக் கடக்குறதுக்குக் குறைஞ்சது 12 மணி நேரம் முன்னாடியே, அப்புறம் எந்தப் பக்கம் போகும், உள் மாவட்டத்துல என்ன ஆகும்னு சொல்றதுக்காகவே வச்சிருக்காங்க. நீங்க எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கீங்க? கூண்டு நம்பர் தெரியும், இது தெரியாது. 12 மணி நேரம்ங்கறது சின்ன நேரம் இல்ல. ஒரு நிறைமாச கர்ப்பிணியை மலைலேர்ந்து இறக்கி, படுக்க வச்சு, சூடா சோறு போட்டு, அதுக்கு மேலயும் நேரம் மிச்சம் இருக்கும்.

ஆப் இருக்கேன்னு சொல்லுவீங்க. 2024-ல டிஎன்-அலெர்ட் வந்துச்சு, நல்ல விஷயம். ஆனா நானே ஆப் எழுதிப் பொழைக்கிறவன், சொல்றேன் கேளுங்க. போன்ல சார்ஜ் இருக்கணும், டவர்ல கரண்ட் இருக்கணும், டவருக்கு வர்ற லைன் அறுந்திருக்கக் கூடாது. இந்த மூணும் முதல் நாலு மணி நேரத்துலயே போற இடத்துக்கு ஆப்பை மட்டும் நம்புறது, பேக்கப்பையும் அதே சர்வர்ல வச்ச கதை. எங்க ஆபீஸ்ல எவனாவது அப்படி டிசைன் கொண்டு வந்தா ரிவ்யூல கிழிச்சுத் தொங்கவிடுவோம் :-) மலைக்கு வேணுங்கறது போலீஸ் வயர்லெஸ் மாதிரி ஒண்ணு, ஒவ்வொரு பெரிய ஊர்லயும். கூடவே அதைக் கேட்டுட்டு பக்கத்து ஊருக்கு நடந்துபோய்ச் சொல்ல ரெண்டு பசங்க, கைல சம்பளம்.

இந்த அரசாங்கத்துக்கு இதெல்லாம் செய்யத் தெரியாதான்னா, நல்லாத் தெரியும். ஹிமாசலத்துல லாஹுல்னு ஒரு பள்ளத்தாக்கு. 2020 அக்டோபர்ல அடல் சுரங்கப்பாதை திறக்கிற வரைக்கும், ரோஹ்தாங் கணவாய் பனில மூடிச்சுன்னா மாசக்கணக்குல வெளி உலகமே கிடையாது. அதனால மூடறதுக்கு முன்னாடியே தானியம், எரிபொருள் எல்லாம் மேல ஏத்தி அடுக்கிடுவாங்க. நோயாளிகளை இறக்க ஹெலிகாப்டர். லடாக்குக்கும் அப்படித்தான், குளிர்கால இருப்புன்னு தனி ஏற்பாடே உண்டு. எல்லை, ராணுவம்னா புத்தி வேலை செய்யுது. சாமை விதைக்கிறவங்க இருக்குற மலைன்னா வேலை செய்ய மாட்டேங்குது.

நம்ம கடலோரத்துல சுனாமிக்கு அப்புறம் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டினாங்க. சரியான வேலை. அதே புத்தியை ஏன் மலைக்குக் கொண்டு வரல? ஐப்பசிக்கு முன்னாடியே ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு மாச ரேஷன் இறக்கி வைக்க முடியாதா? சாமையும் கேழ்வரகும் வீட்டுலயே சேர்த்து வச்ச காலத்துல இந்த ஜனங்களுக்கு யாரும் தயாராகச் சொல்லித் தர வேண்டி இருந்ததில்லை. மாசாமாசம் கீழேர்ந்து லாரில அரிசி வரட்டும்னு பழக்கினது நாமதான், அப்ப லாரி வராத மாசத்துக்கும் நாமதான் பொறுப்பு. மரம் அறுக்குற மெஷினும் ஒரு ஜேசிபியும் மலை மேலயே நிக்கணும். கீழ நின்னா, அடைச்ச ரோட்டைத் திறக்கப் போற வண்டியே அடைச்ச ரோட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கும். சிரிக்காதீங்க.

பிரசவ காத்திருப்பு அறைன்னு தமிழ்நாட்டுல மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலதுல ஒரு அருமையான திட்டம் இருக்கு. தேதிக்குச் சில நாள் முன்னாடியே வந்து தங்கிக்கலாம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தா அந்த மலைல ஒன்பதாம் மாசத்துல இருக்குற எல்லாரையும் ஜீப் அனுப்பிக் கூட்டிட்டு வரணும்னு அதோட ஒரு வரி சேர்த்தா போதும். புதுத் திட்டம் கூட வேணாம்.

ரோடு பத்திப் பேசாம விட முடியாது. 2023 மே மாசம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைக் கிராமத்துல பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே இறந்துபோச்சு. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழில நின்னுடுச்சு, அதுக்கு மேல ரோடு இல்ல. பெத்தவ கையில ஏந்திக்கிட்டு மலை ஏறினா. அன்னிக்குப் புயலும் இல்ல ஒண்ணும் இல்ல, சாதாரண நாள். காட்டு நிலம், அனுமதி கிடைக்காதுன்னு சொல்றவங்க 2006 வன உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாக்கலாம். ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு 13 விதமான வசதிக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாம, கிராம சபை பரிந்துரையோட காட்டு நிலத்தைக் கொடுக்க அதுலயே வழி இருக்கு. ஒரு ஓடைக்குப் பாலம் போட இது தாராளம்.

இன்னொரு கோஷ்டி இருக்கு: "அவ்வளவு கஷ்டம்னா கீழ இறங்கி வந்துட வேண்டியதுதானே?" வேளச்சேரில ஏரிக்குள்ள ஃபிளாட் வாங்கி வருஷா வருஷம் காரை மேம்பாலத்துல ஏத்துறவங்க இதைக் கேக்குறதுதான் காமெடி. செய்யாறு அந்த மலைல பொறக்குது. குப்பநத்தம், செண்பகத்தோப்பு அணைக்கெல்லாம் தண்ணி அந்த மலைலேர்ந்து வருது. அணை நிறைஞ்சா கீழ இருக்குற எங்களுக்குத் தண்டோரா போட்டுச் சொல்றாங்க. அந்த மழையை முதல்ல வாங்கிக்கிற தலைக்கு யாரு சொல்றது?

நட்சத்திரம் பாக்க இடம் தேடினப்ப மட்டும் இந்த நாட்டுக்கு ஜவ்வாது மலை சரியா கண்ணுல பட்டுச்சு. காவலூர்ல 1977-லயே யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்குற தடயத்தைப் பிடிச்சாங்க. சந்தோஷம். அங்கேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்குற ஊருக்கு ஆம்புலன்ஸ் போகுமான்னும் யாராவது அப்பப்ப பாத்தா தேவலை.

அடுத்த புயலுக்கு உங்க டைம்லைன்ல கூண்டு நம்பர் போடறதுக்குப் பதிலா அந்த நாலாவது கட்ட அறிக்கையை எடுத்துப் போடுங்க. எந்தெந்த உள் மாவட்டம்னு பேரோட. சேனல்காரங்க படிக்கலைன்னாலும் போளூர்ல, ஆலங்காயத்துல, செங்கத்துல இருக்குற நாலு பசங்க படிப்பாங்க. அவங்களுக்கு மலைல சொந்தக்காரங்களோ, சந்தைக்கு வர்ற பழக்கக்காரங்களோ கட்டாயம் இருப்பாங்க. டவர் சாகறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடலாம்.

பி.கு.: ஆன்சைட் மக்களே, உங்க பட்டியல் மேல எனக்குக் கோபம் இல்ல. அதைத் தமிழ்ல போட்டு, உப்புக்குப் பதிலா ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெய், மண்வெட்டிக்குப் பதிலா நல்ல கயிறுன்னு மாத்தி, கீழ அந்த "நல்லவேளை"யை மட்டும் வெட்டிட்டு அனுப்புங்க. நான் பிரிண்ட் எடுத்து ஜமுனாமரத்தூர் பஸ்ல ஒட்டுறேன்.