கடலைச் சுற்றியது துணிச்சல் மட்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய படத்தை நம் குழுவில் யாரோ மறுபடி போட்டிருந்தார்கள். "என்ன துணிச்சல்!" என்று எல்லோரும் பாராட்டினீர்கள். சரிதான். அதற்கு இரண்டு பதிவு கீழே, ஐ.டி.ஐ. சேரப்போகும் நம் வீட்டுப் பையனைப் பற்றி, "மார்க் வரலைன்னா ஸ்பேனர் பிடிக்கத்தானுங்க போகோணும்" என்று ஒரு கிண்டல். அதற்கும் சிரிப்புப் பொம்மைகள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பெண்கள் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல். படகு 'தாரிணி', 56 அடி நீளம், கோவாவிலேயே கட்டியது. படகில் இருவர் மட்டுமே. நடுக்கடலில் பாய் கிழிந்தால் தைப்பதும், பம்பு அடைத்தால் பிரிப்பதும், கயிறு தேய்ந்தால் மாற்றுவதும் அவர்கள் கைதான். போன் போட்டால் மெக்கானிக் வரமாட்டார். புறப்படுவதற்கு முன் மூன்று வருடம் பயிற்சி. வழியில் ஃப்ரீமான்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என நான்கு துறைமுகங்கள். அங்கே நின்றது ஊர் பார்க்க அல்ல. சாமான் ஏற்றவும் பழுது பார்க்கவும்.

இதே தாரிணியில் 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றினார்கள். ஊர் திரும்பும் நேரத்தில் சுக்கான் இயக்கும் பாகம் பழுதாகி மொரீஷியசின் போர்ட் லூயிஸில் ஒதுங்க வேண்டியதாயிற்று. சரிசெய்த பிறகுதான் கோவா. எத்தனை துணிச்சல் இருந்தாலும் சுக்கான் திரும்பாவிட்டால் படகு போகாது.

இன்னும் பழைய கதை. ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968-69இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருடைய 'சுஹைலி' நம் பம்பாயில் தேக்கில் கட்டியது. வழியில் பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைத்தார். அந்தப் போட்டியில் ஒன்பது பேர் கிளம்பி, முடித்தவர் அவர் ஒருவரே.

"நமக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்பீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி மாதக்கணக்கில் வடநாடு கிளம்பும் முன் பட்டறையில் பாருங்கள். கமான் பட்டை, பிரேக், ஹோஸ், கம்ப்ரசர் எல்லாம் பார்த்து, உதிரி பாகம் ஏற்றி, பிறகுதான் சாவி. படகுக்காரன் செய்வதும் இதேதான். லாரிக்குப் பாடி கட்டி நாடு முழுக்க அனுப்பும் நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு ஸ்பேனரைக் கேவலம் பேசுகிறோம்!

இன்னொன்று. மேம்படுத்துவது என்றால் நமக்கு ஏர்ஹாரனும் கலர் லைட்டும். படகுக்காரன் முதலில் பார்ப்பது பாய்மரத்தைத் தாங்கும் கம்பி, அடிப்பகுதியில் ஒட்டிய கொட்டலசு, தண்ணீர் இறைக்கும் பம்பு. திரையும் கருவியும் அப்புறம். பிரேக் லைனிங்கை ஒத்திப்போட்டு லைட் வாங்குகிற வண்டிக்காரர்கள் இதை யோசிக்கட்டும்.

"பட்டறை வேலையில் சம்பளம் குறைவு, கை போகும் ஆபத்து, பொண்ணு கிடைக்கறதில்லை" என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. அதற்கு நியாயமான கூலியும் கையுறையும் கண்ணாடியும் காப்பீடும் கேளுங்கள். அந்தப் பையனைச் சிரிப்பது எப்படித் தீர்வாகும்? மூன்றாவது நம் கையில்தான் இருக்கிறது. ஜாதகம் பார்க்கும்போது மாப்பிள்ளையின் தொழிலைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் நாம்தானே?

மனப்பாடம் செய்து 590 வாங்குவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருளைப் பிரித்து, கோளாறு எங்கே என்று யோசித்து, மறுபடி பூட்டுவதும் படிப்புதான். அதற்கும் மூளை வேண்டும். கூடவே பொறுமையும் நேர்மையும் வேண்டும். இறுக்காத ஒரு நட்டு விடைத்தாளில் தெரியாது, மலைப்பாதை இறக்கத்தில் தெரியும்.

பட்டறையிலும் லேத்திலும் இருக்கும் என் மாணவர்களே, நெடும்பயணம் போகும் வண்டியில் நீங்கள் முதலில் பார்ப்பது என்ன? கீழே எழுதுங்கள். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.