புளூஸ் இசையும் 'இயற்கை மேதை' என்னும் பொய்மையும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்கள் படைத்த புளூஸ் இசையைப் போற்றுவோர் பலர். ஆயின் அப்போற்றுதலிற் பெரும்பகுதி, அவ்விசையை ஆக்கியோரின் அறிவை மறுப்பதாகவே அமைந்துள்ளது. பயிற்சி எதுவுமின்றித் துயரத்திலிருந்து தானாகப் பீறிட்ட ஓலம் என்றே அது வருணிக்கப்படுகின்றது. புகழ்ச்சிபோலத் தோன்றும் இக்கூற்று உண்மையில் இகழ்ச்சியேயாகும். பழைய இசைத்தட்டொன்றைக் கேட்டு, அதிலுள்ள பாடலைக் கிற்றாரில் வாசிக்க முனையும் எவருக்கும் இதன் பொய்மை விரைவிற் புலனாகும்.

ஸ்கிப் ஜேம்ஸ் 1931 இல் விஸ்கொன்சின் மாநிலத்துக் கிராஃப்டனில் பரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த 'டெவில் கொட் மை வுமன்' என்னும் பாடல் இதற்குத் தக்க சான்றாகும். வழக்கமாகச் சுருதி கூட்டிய கிற்றாரில் இதை வாசிக்க முயல்பவரின் விரல்கள் தடுமாறும். இசைத்தட்டின் இரைச்சலுக்கிடையே மீண்டும் மீண்டும் செவிமடுத்தால், இடக்கை நகரும்போதும் சில சுரங்கள் இடையறாது ஒலிப்பது தெரியவரும். அவை அழுத்தப்படாத தந்திகளின் ஒலிகளே. அத்தடயத்தைப் பின்பற்றுபவர் ஈற்றில் ச, ப, ச, க, ப, ச என்னும் அமைப்பை வந்தடைவார். ஐந்தாம், நான்காம் தந்திகள் மாறாதிருக்க, ஏனைய நான்கையும் ஒவ்வொரு முழுச்சுரம் தாழ்த்துவதால் இது கிடைக்கும். இங்குள்ள காந்தாரம் சாதாரண காந்தாரம். மூன்றாம் தந்தியை முதலாம் மெட்டில் அழுத்தியதும் அது அந்தர காந்தாரமாகிவிடும். துயரத்துக்கும் தெளிவுக்குமிடையே ஒரு விரலின் தொலைவே உள்ளது. இது தற்செயலன்று, திட்டமிட்ட ஆக்கம்.

இசைநூல் பயிலாதோர்க்கு இத்தகைய திட்டம் எங்ஙனம் வாய்த்தது என வினவுவோர் உளர். மிசிசிப்பியின் பென்டோனியாவில் ஹென்றி ஸ்டக்கி என்பாரிடம் ஜேம்ஸ் இம்முறையைக் கற்றார். அவ்வூரவரான ஜாக் ஓவன்ஸும் இதே முறையைக் கையாண்டார். கற்பித்தவரும் கற்றவரும் ஒழுங்கமைந்த முறையும் இருந்தவிடத்து, அது மரபன்றி வேறென்ன? ஏட்டில் எழுதப்படாமை இலக்கணம் இல்லாமையாகாது. றொபேட் ஜோன்சனின் திறமைக்குப் பேயுடன் செய்த உடன்படிக்கையே காரணம் என்னும் கதை இன்றும் விரும்பிப் பேசப்படுகின்றது. அவர் ஐக் ஸிம்மர்மனிடம் பயின்ற செய்தியோ அத்துணை விருப்புடன் பேசப்படுவதில்லை.

இது வெறும் இரசனைப் பிரச்சினையன்று. பாடல் ஊற்றுநீர்போலத் தானே சுரந்ததெனின், அதற்கு உழைத்தவர் எவருமில்லை. உழைத்தவர் இல்லையெனின், எவர்க்கும் கடன்படவேண்டியதில்லை. இசைத்தட்டுகள் சேகரிப்போரின் பேழைகளிற் பேணப்பட்டன. அவற்றைப் பாடியவரோ மறக்கப்பட்டார். ஜோன் ஃபாஹி முதலான இளங்கலைஞர் 1964 இல் ஜேம்ஸைத் தேடிக் கண்டபோது, அவர் டியூனிக்கா மருத்துவமனையொன்றில் நோயுற்றுக் கிடந்தார். அவ்வாண்டே நியூபோட் விழாவில் அவர் பாடினார். 1969 இல் மறைந்தார்.

ஆகவே, பழம்பாடலொன்றின் சுருதியமைப்பையும் விரலசைவையும் செவியாற் கண்டறியும் முயற்சி வீண்பொழுதுபோக்கன்று. மறைக்கப்பட்ட உழைப்பை அதற்குரியவர்க்கு மீட்டளிக்கும் ஆய்வு அது. துயரம் எல்லார்க்கும் உண்டு. அதற்கு இவ்வாறு சுருதி கூட்ட அறிந்தோர் ஒரு சிலரே.