இன்னும் சைக்கிளோ, தம்பி?

ஏ.எல். எழுதி முடிச்ச கையோட எங்கட வீடுகளில் ஒரு கதை தொடங்கும். பெடியனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துக் குடுக்கவேணும். கையில் காசு இல்லாட்டியும் பரவாயில்லை, லீசிங் இருக்கு. வேலை கிடைக்க முதலே மாதத் தவணை தொடங்கிவிடும். அதுக்குப் பிறகும் சைக்கிளில் திரிகிற ஆளைப் பார்த்து ஊர் கேட்கிறது ஒரே கேள்விதான்: "இன்னும் சைக்கிளோ, தம்பி?" கேள்வி சின்னன். ஆனால் அதுக்குப் பயந்துதான் பலர் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறார்கள் என்பது எங்கட எண்ணம்.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சைக்கிளை வைத்துப் பதில் சொல்லப் பார்க்கிறோம். நாங்கள் நாலு பேர் காசு போட்டு வாங்கி, ஒரு வருசமாக மாறி மாறி ஓடுகிற சைக்கிள் அது. ஜப்பானிலிருந்து வந்த பாவிச்ச சைக்கிள்களுக்குள் கிடந்தது. ஸ்ரிக்கர் உரிஞ்சு, பெயர் தெரியாமல், வளைந்த ஹாண்டிலோடு நின்றது. கடைக்காரருக்கு அது 'ரேஸ் சைக்கிள்'. பிறேமும் பிறேக்கும் சொன்ன கதை வேறு. அது சைக்ளோகுரொஸ் சைக்கிள், அதுவும் அலுமினியத்தில் செய்தது.

சைக்ளோகுரொஸ் என்றால் என்ன? ஐரோப்பாவில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நடக்கிற ஓட்டப் போட்டி. பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ் பக்கம் அதுக்குப் பெரிய கூட்டம் சேரும். சேறு, மணல், புல், மேடு எல்லாம் கலந்த மூன்று கிலோமீற்றர் அளவான சுற்றுப் பாதையில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் ஓடவேண்டும். நடுவில் 40 சென்ரிமீற்றர் வரை உயரமான பலகைத் தடைகள் வரும். அந்த இடங்களில் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, திரும்பப் பாய்ந்து ஏறவேண்டும். பிரான்சில் 1902இலேயே தேசியப் போட்டி நடந்திருக்கிறது. உலகப் போட்டி 1950இல் பாரிசில் தொடங்கியது. பெல்ஜியத்து எரிக் டி விளேமிங் அதை ஏழு தரம் வென்றவர்.

தூக்கி ஓடுகிற சைக்கிள் பாரமாக இருந்தால் சரிவராது. அலுமினியம் இந்த விளையாட்டுக்குள் வந்த காரணம் அதுதான். 1972இல் இத்தாலியில் தொடங்கின 'அலான்' என்ற நிறுவனம் அலுமினியக் குழாய்களை வெல்டிங் செய்யாமல், மூட்டுகளில் திருகாணி போலத் திருகிப் பசையால் ஒட்டியது. எழுபது, எண்பதுகளில் சேற்றில் ஓடின பலருக்கு அந்தப் பிறேம்கள்தான் விருப்பம். பிறகு 1983இல் அமெரிக்காவின் கனன்டேல் தடித்த குழாய்களை வெல்டிங் செய்கிற வழியோடு வந்தது. குழாய் ஏன் தடிக்கவேண்டும்? இரும்போடு பார்த்தால் அலுமினியத்தின் பாரம் மூன்றில் ஒன்றுதான். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒன்றுதான். குழாயைத் தடிப்பாக்கினால்தான் வளையாமல் நிற்கும். பழைய அலுமினியச் சைக்கிள்கள் கொழுத்த குழாயோடு நிற்கிற ரகசியம் அவ்வளவுதான்.

சரி, பெல்ஜியத்துச் சேற்றுக்குச் செய்த சைக்கிளுக்கு எங்கட ஊரில் என்ன வேலை? ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கோ. பிரதான வீதி காப்பெற் போட்டுப் பளபளவென்று கிடக்கும். அதிலிருந்து திரும்பினால் கல்லு, மணல், மாரியில் முழங்கால் தண்ணி. ஒல்லி ரயர் ரேஸ் சைக்கிள் அந்தத் திருப்பத்திலேயே கைவிட்டுவிடும். மலையேறுகிற தடித்த ரயர் சைக்கிள் ஒழுங்கையில் ராசா, ஆனால் நீளப் பாதையில் ஆளைக் களைக்க வைத்துவிடும். சைக்ளோகுரொஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 33 மில்லிமீற்றர் ரயர் போட்டாலும் பிறேமுக்கும் ரயருக்கும் இடையில் சேறு போக இடம் இருக்கும். வயர்கள் பாரின் மேற்பக்கத்தால் போகும். தோளில் வைக்கும்போது உறுத்தாது, கீழிருந்து அடிக்கிற சேறும் அடையாது. வளைந்த ஹாண்டிலைப் பிடித்துக் குனிந்தால் சோளகக் காத்தின் அடியில் பாதி தலைக்கு மேலால் போய்விடும். பண்ணையிலிருந்து தீவுப் பக்கம் போகிற பாதையில், இரண்டு பக்கமும் கடல் கிடக்க, எதிர்காத்தில் மிதித்தவைக்கு இதன் அருமை தெரியும்.

குறையும் இருக்கு. அலுமினிய பிறேம் விறைப்பு. ஒவ்வொரு கல்லையும் கை மணிக்கட்டுக்கு வந்து சொல்லும். ரயரில் காத்தைக் கொஞ்சம் குறைத்தால் சமாளிக்கலாம். இன்னொன்று பிறேக். இந்தப் போட்டிகளில் டிஸ்க் பிறேக்குக்கு அனுமதி கிடைத்தது 2010இல்தான். அதுக்கு முந்தின சைக்கிள்களில் றிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற பழைய பிறேக்தான். மழையில் பிடிக்கக் கொஞ்சம் சுணங்கும். பிறேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டு, பஸ்சுக்குப் பின்னால் தூரம் விட்டு ஓடவேணும்.

வாங்க நினைக்கிறவை சில விசயங்களைக் கட்டாயம் பார்க்கவேணும். முதலாவது வெடிப்பு. அளவோடு வேலை வாங்கினால் இரும்பு எத்தனை அடியையும் மறந்துவிடும். அலுமினியம் மறக்காது. சின்னச் சின்ன அதிர்ச்சியும் உள்ளுக்குச் சேர்ந்துகொண்டே போகும். ஹாண்டில் தண்டு இறங்குகிற இடம், பெடல் அச்சைச் சுற்றின வெல்டிங், பின்சில்லு பூட்டுகிற கொளுவி, இந்த மூன்று இடத்தையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. தலைமயிர் போல ஒரு கோடு தெரிந்தாலும் விட்டுவிட்டு வாங்கோ. கேற்றுக்கும் கிறிலுக்கும் வெல்டிங் செய்கிற இடத்தில் ஒட்டலாம் என்று ஆராவது சொன்னால் கேட்கவேண்டாம். இந்த அலுமினியக் கலவைகளில் பல, வெல்டிங் செய்தபிறகு திரும்பச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் பலம் பெறும். அது கடைத்தெருவில் நடக்கிற வேலை இல்லை.

இரண்டாவது, சீற்றைத் தாங்குகிற குழாய் ஏறி இறங்குதோ என்று பார்க்கவேணும். வேறு வேறு உலோகங்கள் உப்புக் காத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றை ஒன்று அரித்து இறுகிவிடும். கடற்கரை ஊரில் இது பகிடி இல்லை. கழற்றிக் கிறீஸ் பூசி, மாதத்துக்கு ஒருக்கால் அசைத்துவிட்டால் போதும்.

மூன்றாவது ரயர். எங்கட அப்புமாரின் பெரிய சைக்கிளுக்கும் 28 என்றுதான் சொல்வோம். இந்தச் சைக்கிளின் ரயரிலும் சிலவேளை 28 என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்று இல்லை. பெரிய சைக்கிளின் றிம்முக்கு 635 மில்லிமீற்றர் ரயர், இதுக்கு 622. கடைக்குப் போகும்போது ரயரின் பக்கத்தில் கிடக்கிற இந்த மூன்று இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கோ. வால்வும் பெரும்பாலும் ஒல்லியான வகை. அதை எங்கட பம்முக்குப் பொருத்த ஒரு சின்ன மூடி தேவை. விலை குறைவு, ஆனால் நடுவழியில் அது இல்லாவிட்டால் உருட்டிக்கொண்டுதான் வரவேணும்.

இவ்வளவையும் வாசித்த ஒருவர் கேட்கலாம்: இந்தக் கரைச்சலுக்கு ஒரு லுமாலாவை எடுத்தால் என்ன? நல்ல கேள்வி. இரும்புச் சைக்கிள் எந்தச் சந்தியிலும் திருத்தலாம், எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். தினம் பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை என்று கிட்டத்தில் ஓடுகிறவைக்கு அதுதான் சரி. ஒரு நாளைக்கு இருபது, முப்பது கிலோமீற்றர் ஓடவேண்டியவைக்கும், பாதையில் பாதி கிறவலாக இருப்பவைக்கும்தான் நாங்கள் பழைய அலுமினியத்தைச் சொல்கிறோம். பெயருக்கும் பழசு என்ற பெருமைக்கும் காசு குடுக்கவேண்டாம். படம் எடுத்துப் போட்டுச் சுவரில் சாத்தி வைக்கிறதுக்கு எண்டால் அந்தச் சைக்கிளை ஓடக்கூடிய ஒருவருக்கு விட்டுவிடுங்கோ.

இந்தக் கதையில் எங்களுக்குக் கிட்டவான பகுதி வேறு. அம்மா அப்பா தலைமுறைக்குச் சைக்கிள் என்றால் பொருளாதாரத் தடை. 1990க்குப் பிறகு பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போனது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது, வீட்டில் மிஞ்சினதை ஹாண்டிலிலும் கரியரிலும் கட்டி மழைக்குள் உருட்டிக்கொண்டு போனார்கள். பெல்ஜியத்தில் சேற்றுக்குள் சைக்கிளைத் தூக்குகிறது விளையாட்டு. எங்கட ஆக்களுக்கு அது உயிர் தப்புகிற வழி. அதனால்தான் பிள்ளை இன்னும் சைக்கிள் மிதிக்கிறதைப் பார்த்தால் அவைக்கு மனம் பொறுக்காது. அந்தக் கேள்விக்குள் இளக்காரம் மட்டும் இல்லை, பழைய காயமும் இருக்கு. அதை நாங்கள் விளங்கிக்கொள்ளவேணும்.

ஆனால் விளங்கிக்கொள்கிறது வேறு, அதுக்காகக் கடன்படுகிறது வேறு. 2022இல் எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்றதை மறக்கக்கூடாது. கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. வண்டி முற்றத்தில் நின்றது, தவணை நிற்கவில்லை. அந்த மாதங்களில் சைக்கிள் வைத்திருந்தவை வேலைக்குப் போனார்கள். அப்ப எல்லாரும் சைக்கிளைப் புகழ்ந்தோம். பெற்றோல் திரும்ப வந்ததும் பழையபடி தவணைக்குத் திரும்பிவிட்டோம்.

மோட்டார் சைக்கிள் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தூர இடத்தில் வேலை உள்ளவை, வயசான தாய் தகப்பனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குகிறவை எடுக்கத்தான் வேணும். வாழ்க்கையின் முதல் பெரிய செலவு ஊரின் வாய்க்குப் பயந்து எடுத்த முடிவாக இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடப் பொருந்தும். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன எத்தனையோ பேர், வளர்ந்த பிறகு ஆரோ ஒருத்தர் ஏற்றிக்கொண்டு போகும்வரை காத்திருக்கிறார்கள். எங்கட நாலு பேரில் இரண்டு பேர் பெண்கள். சீற்றை இறக்கி ஏற்றுகிற வேலை ஒரு நிமிசம்தான்.

லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முதல் ஒரு மாதம் பொறுங்கோ. அந்த மாதம் முழுக்கச் சைக்கிளில் போய் வாருங்கோ. புதுசு, பழசு, இரும்பு, அலுமினியம், எது என்றாலும் சரி. ஒவ்வொரு நாளும் போன தூரத்தையும் மிஞ்சின காசையும் கொப்பியில் எழுதுங்கோ. மாத முடிவில் அந்தக் கொப்பியை வீட்டாரோடு இருந்து பாருங்கோ. அதுக்குப் பிறகும் மோட்டார் சைக்கிள் தேவை என்று பட்டால் எடுங்கோ. அப்ப அது உங்கட முடிவு.