சிறுவர் நூல்களும் ஈகையறமும்

ஈகையைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். குழந்தை எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே அறத்தையும் ஈதலையும் அதன் காதிலிடுவது நம் நாட்டு வழக்கம். ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அவ்வழக்கத்திற்குத் தக்க சான்றுகள். அச்சு இயந்திரம் வந்த பின்னர் இவ்வழக்கம் மேலும் விரிந்தது. தமிழிற் சிறுவர்க்கென வெளிவந்த முதல் இதழெனக் கூறப்படும் ‘பாலதீபிகை’ 1840-ஆம் ஆண்டில் நாகர்கோயிலிலிருந்து வெளிவந்தது. அன்று தொட்டு இன்று வரை சிறுவர் நூல்களுக்குக் குறைவில்லை. ஆயினும், அன்பையும் ஈகையையும் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நூல்கள் உண்மையில் அவற்றைத்தாம் கற்பிக்கின்றனவா என்னும் வினாவை எழுப்பாதிருத்தல் தமிழ் பயிலும் நமக்குத் தகாது.

கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் நீதிக்கதைப் புத்தகங்களுள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஏழை விறகுவெட்டி ஒருவன் தன் கட்டுச்சோற்றிற் பாதியைப் பசித்த கிழவனுக்குக் கொடுக்கிறான். கிழவன் மறைந்து தேவதை தோன்றுகிறது. விறகுவெட்டியின் குடிசை மாளிகையாகிறது. பக்கத்து வீட்டுக் கருமி கொடுக்க மறுத்துத் துன்புறுகிறான். கதை முடிந்ததும், “ஆதலால் நாமும் பிறர்க்கு உதவ வேண்டும்” என்று தடித்த எழுத்தில் நீதி அச்சிடப்பட்டிருக்கும். ஒரு பிடி சோற்றுக்கு ஒரு மாளிகை! இதனைப் படிக்கும் குழந்தை கற்றுக்கொள்வது ஈகையன்று; இலாபம் மிகுந்த வாணிகமே. வள்ளலாகிய ஆய் அண்டிரனைப் புறநானூற்றிற் புகழ வந்த உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயனைக் கணக்கிட்டு ஈபவன் அறத்தை வைத்து வாணிகம் செய்பவனே என்றும், ஆய் அத்தகையன் அல்லன் என்றும் கருத்துரைக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தாய் வாழ்ந்த புலவர் விலக்கிய வாணிகத்தை இன்றைய கதைநூல் குழந்தைக்குப் பாடமாக வைப்பது விந்தையன்றோ?

“சிறுவர்க்குப் பயன் காட்டாமல் அறம் உரைத்தல் இயலுமோ? மருந்துக்குத் தேன் வேண்டாவோ?” என்று சிலர் கேட்பர். இதற்கு நம் விடை ஒன்றே. தன் பலகாரத்தைத் தோழனுக்குக் கொடுத்த குழந்தை மறுநாள் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும். தேவதை வாராது. தோழன் நன்றியும் சொல்லாதிருக்கலாம். அன்று அக்குழந்தை, ‘கதை பொய்’ என்று கண்டுகொள்ளும். கதையோடு அறமும் பொய்யென எண்ணினால் அக்குற்றம் குழந்தையினுடையதன்று. கைம்மாறு கிடையாத நாளிலும் நிலைத்திருக்கும் அன்பையே கற்பிக்க வேண்டும். ஏனெனில், வாழ்நாளிற் பெரும்பாலான நாட்கள் அத்தகைய நாட்களே.

நிற்க. இக்கருத்தை ஆராய்வதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் பெரிதும் ஏற்ற இடமென்பது நம் துணிபு. தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாற்றில் அந்நிலத்திற்குத் தனிச் சிறப்புண்டு. ‘குழந்தைக் கவிஞர்’ எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா 1922-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் அங்குள்ள இராயவரத்திற் பிறந்தவர். 1940-களில், சமஸ்தானமாயிருந்த புதுக்கோட்டையிலிருந்து சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. வள்ளியப்பா வங்கியில் அலுவல் பார்த்துக்கொண்டே ‘மலரும் உள்ளம்’ முதலிய நூல்களை இயற்றினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். ஈசாப்பின் கதைகளையும் காந்தியடிகளின் வரலாற்றையும் பாட்டாக்கித் தந்தார். அவர் பாடல்களைப் படிப்பார்க்கு ஓர் உண்மை விளங்கும்: குழந்தைக்கு அறிவுரை கூறுவதற்கு முன் அதனை மகிழ்விக்க வேண்டும், அதற்கு முன் அதனை மதிக்க வேண்டும். அவர் 1989-இல் மறைந்தார். அவர் காட்டிய மதிப்பு நம் நீதிக்கதைப் புத்தகங்களுக்கு இன்னும் முற்றும் வாய்த்தபாடில்லை.

அம்மாவட்டத்தில் வளரும் சிறுவர் கொடுக்கல் வாங்கலை நேரிற் காணும் இடம் மற்றொன்றுண்டு. கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்ப்புறங்களில் ஆடி மாதத்தை ஒட்டி மொய் விருந்து நடைபெறும். அழைப்பிதழ் அச்சிட்டு ஊரை அழைத்து இறைச்சியுணவு படைப்பர். உண்டவர் மொய்ப்பணம் எழுதிச் செல்வர். பெயரும் தொகையும் நோட்டில் ஏறும். வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும் காலத்தில் அத்தொகையோடு சிறிது கூட்டித் திருப்பிச் செய்தல் முறை. இதனால் கிணறு தோண்டினோரும், பிள்ளைகளைப் படிக்க வைத்தோரும் உளர். கடன்பட்டார் கைதூக்கி விடப்படும் இவ்வழக்கத்தை நாம் இகழவில்லை. உழவர் தமக்குள் அமைத்துக்கொண்ட நல்லுதவி அது. ஆயின், அது நோட்டில் எழுதப்படும் உதவி. நோட்டில் எழுதாத உதவியொன்றும் உலகில் உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் அப்பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றபோது, ஊரார் பொது அடுப்பு மூட்டி ஒன்றாகச் சமைத்து உண்டனர். அவ்வுலையில் எவர் வீட்டு அரிசி எத்துணைப்படி என்று எவர் எழுதி வைத்தார்? இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையைக் குழந்தைக்கு உணர்த்துவதே சிறுவர் நூலின் வேலை. முதலாவது ஊர் கற்றுக்கொடுக்கும். இரண்டாவதைக் கதை கற்றுக்கொடுத்தல் வேண்டும்.

அத்தகைய கதைகளுக்கு நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரை எண்ணுவோம். மூவர் கோயிலின் மூன்று விமானங்களுள் இரண்டே எஞ்சி நிற்கும் அவ்வூரை ஆண்ட குறுநில மன்னர் இடங்கழி நாயனார். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் பாடியுள்ளார். அடியார்க்கு அன்னமிடுவதை நோன்பாகக் கொண்ட ஒருவர், கைப்பொருள் தீர்ந்து, நெல் கிடையாமல், நள்ளிரவில் அரசனது நெற்கொட்டாரத்திற் புகுந்து நெல்லெடுத்தார். காவலர் பிடித்து அரசன் முன் நிறுத்தினர். உண்மையைக் கேட்டறிந்த இடங்கழியார் அவரைத் தண்டிக்கவில்லை. இவரன்றோ எனக்குப் பண்டாரம் என்று நெகிழ்ந்து, கொட்டாரத்தையும் பொருளையும் அடியார்கள் எடுத்துக்கொள்ளலாமெனப் பறையறைவித்தார்.

இக்கதையைச் சிறுவர்க்குச் சொல்லுவோர் பலர் திருட்டைச் சுருக்கிக் கொடையைப் பெருக்குவர்; குழந்தை திருடக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் அச்சம். ஆனால், கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. “பசித்தவர்க்காகத் திருடலாமா?” என்று குழந்தை கேட்கும். கேட்கட்டும். “கொட்டாரம் நிறைய நெல் இருக்கும் ஊரில் ஒருவர் இருளில் வந்து நெல்லெடுக்க நேர்ந்தது ஏன்?” என்னும் மறுவினாவை நாம் அதற்குக் கொடுக்கலாம். அரசன் தன் முன் நின்றவரிடத்துக் குற்றத்தைக் காணவில்லை. பூட்டிக் கிடந்த தன் கொட்டாரத்தின் குறையைக் கண்டான் என்றே நாம் இக்கதைக்குப் பொருள் கொள்கிறோம். இரப்பவரைப் பார்த்து இரங்குதல் எளிது. தன் கொட்டாரத்தைத் திரும்பிப் பார்த்தல் அரிது.

பாரியின் கதையும் இவ்வாறே குறைபட்டிருக்கிறது. அவனது பறம்பு, பொன்னமராவதிக்கு அணித்தாய்ச் சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் நிற்கும் பிரான்மலை என்பர். முல்லைக்குத் தேர் கொடுத்த செய்தி பாடநூல்தோறும் உண்டு. தேர், கொடி, அரசன் மூன்றும் கொண்ட வண்ணப்படமும் உண்டு. “ஒரு கொம்பை நட்டால் போதாதா?” என்று குறும்புள்ள மாணவன் கேட்பான். கேள்வி நியாயமே, இத்தகைய செயலுக்குக் ‘கொடைமடம்’ என்று நம் முன்னோர் பெயரிட்டதும் அது கருதியே. ஆனால், மூவேந்தர் முற்றுகைக்குப் பின் பாரி மாண்டதும், அவன் மகளிர் இருவரையும் புலவர் கபிலர் தம் மக்களாய் எண்ணி அழைத்துக்கொண்டு ஊர் ஊராய் அலைந்ததும் சிறுவர் நூல்களில் அரிதாகவே வருகின்றன. தேர் கொடுத்தவன் அரசன். அவனிடம் தேர்கள் இருந்தன. கபிலரிடம் இருந்தது நட்பு ஒன்றே. குழந்தை எதிர்காலத்தில் தேர் கொடுக்கும் நிலையை அடைதல் அரிது. துணையற்றார்க்குத் துணையாய் உடன் நடக்கும் நிலையோ நாளைக்கே வரலாம். இவ்விரண்டனுள் எக்கதை அதற்குப் பயன்படும்?

கிறிஸ்தவ இல்லங்களில் வளர்ந்த நமக்கு நல்ல சமாரியன் உவமை தாலாட்டுப் போற் பழகிப்போனது. பழகியதாலேயே அதன் கூர்மை மழுங்கிவிட்டது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியிற் கள்வர் கையிற் பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை, ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிச் சென்றனர். யூதர் வெறுத்தொதுக்கிய சமாரியன் ஒருவனே காயங்கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்திற் சேர்த்து, பணமுங் கொடுத்துச் சென்றான். பெருமான் இக்கதையின் முடிவில் நீதியைத் தாமே எடுத்துரைக்கவில்லை. கேட்டவனிடம் வினாவாகத் திருப்பினார். விடை கூறிய நியாயசாஸ்திரியோ சமாரியன் என்ற பெயரைத் தன் வாயாற் சொல்லாமல், இரக்கஞ் செய்தவனே என்று சுற்றி வளைத்தான். மேலும், இக்கதையில் இழிந்தவனென எண்ணப்பட்டவன் பெறுபவனல்லன், கொடுப்பவன்.

இங்கேதான் நம் சிறுவர் நூல்களின் பெருங்குறை வெளிப்படுகிறது. அவற்றிற் செல்வர் கொடுப்பர். ஏழையர் கும்பிட்டு வாங்குவர். கொடுப்பவனுக்குப் பெயருண்டு, வாங்குபவன் ‘ஓர் ஏழை’. பள்ளிக்கூடத்தில் இந்நூலைப் படிக்கும் கூலித் தொழிலாளியின் மகள் தன்னை எங்கே காண்பாள்? வாங்கும் கையாக மட்டுமே காண்பாள். அவளருகிலிருக்கும் வசதியுள்ள பிள்ளையோ, தான் மேலே நின்று கொடுக்கப் பிறந்தவன் என்றே எண்ணுவான். இவ்வெண்ணம் வளர்ந்தால் எங்கே கொண்டுபோய் விடும்? 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிநீர் பெறும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே அச்செய்தி வெளிப்பட்டது. நாடெங்கும் தலைகுனிந்தது. அதைச் செய்தவர் எவராயினும், அவரும் சிறுவயதில் அன்பைப் பற்றிய பாடங்களைப் படித்தே இருப்பார். எவரிடத்து அன்பு என்று சொல்லாத பாடம் எவரையும் திருத்தாது. மயிலுக்குப் போர்வையும் முல்லைக்குத் தேரும் கொடுத்த கதைகளோடு, பக்கத்துத் தெருப் பிள்ளையோடு ஒரே குவளையில் நீர் குடிக்கும் கதையும் குழந்தைக்கு வேண்டும்.

ஆகவே, அன்பைக் கற்பிக்க விரும்பும் நூலாசிரியர்க்கு நாம் வேண்டுவன சில. கொடுத்தவனுக்குப் புதையல் கொடாதீர்கள். கொடுத்ததனால் அவனுக்கு நேர்ந்த இழப்பை மறையாதீர்கள். பெறுபவனுக்கும் பெயரும் பேச்சும் மானமும் கொடுங்கள். ஏழைச் சிறுமியைக் கொடுப்பவளாக எழுதுங்கள். உண்மையில் அவள் நாள்தோறும் தன் தம்பி தங்கையர்க்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். முடிவில் நீதியை எழுதாமல் வினாவொன்றை விட்டுச் செல்லுங்கள்.

படிப்பார் உளரோ என்னும் ஐயம் வேண்டா. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் மாலைதோறும் எழுத்துக் கற்றனர். ஆயிரக்கணக்கானோர் சைக்கிளும் ஓட்டக் கற்றனர். அன்று எழுத்துக் கற்ற தாய்மாருட் பலர் இன்று பாட்டிமார். பேரக்குழந்தையை மடியில் வைத்து வாசித்துக் காட்டும் ஆற்றல் அவர்க்கு உண்டு. வேண்டுவது நல்ல நூல் ஒன்றே.

நம் கல்லூரி மாணவர்க்கும், ஆசிரியப் பணியிலிருக்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது சிறுவர் நூல்கள் இரண்டொன்றைக் கையிற் கொண்டு செல்லுங்கள். திண்ணையிலோ மரத்தடியிலோ நாலு பிள்ளைகளைக் கூட்டி வாசியுங்கள். வாசித்து முடித்தபின், ‘இக்கதையின் நீதி யாது?’ என்று கேளாதீர்கள். அதற்கு விடை பிள்ளைகளுக்கு முன்னரே மனப்பாடம். ‘இவர்களுள் நீ யாராக இருந்திருப்பாய்?’ என்று கேளுங்கள். அவ்வினாவிற்கு முன் பிள்ளைகள் சற்றே பேசாதிருப்பர். அந்நேரத்திற் பொறுமையோடு காத்திருங்கள். அன்பும் ஈகையும் உள்ளத்தில் வேரூன்றத் தொடங்குவது அப்போதே என்பது நம் துணிபு.