எவர்சில்வருக்கு என்ன நிறம்?

திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதி கோயில் முன்பு தேங்காய் உடைபடும் சத்தம் காதில் இருக்கும்போதே சாலைத் தெருவுக்குள் நுழைந்துவிடலாம். அங்கே பாத்திரக் கடை வாசலில் குடமும் தூக்குவாளியும் தொங்கும். அன்றாடப் பொருள்களைத் தீட்டும் நம் இளைய ஓவியர்கள் அப்படியொரு கடை முன் அரை மணி நேரமாவது நின்றிருப்பார்களா? இதழுக்கு வரும் படங்களைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. கைப்பேசிப் படத்தைப் பார்த்துத் தீட்டியவை என்று உடனே தெரிகிறது. ஒளி பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு, மிச்சமெல்லாம் ஒரே சாம்பல்.

கேட்டால் சுபோத் குப்தாவை உதாரணம் காட்டுகிறார்கள். 1964-ல் பீகாரின் ககௌலில் பிறந்தவர். பாத்திரங்களை அடுக்கி அவர் செய்த ராட்சத மண்டையோடு (2006) உலகப் பெயர் வாங்கித் தந்தது. 2012-ல் முதல் கொச்சி பினாலேயில் வீட்டுச் சாமான்களை நிரப்பிய படகு ஒன்றை வைத்திருந்தார். சிற்பத்தில் பளபளப்பு பாத்திரத்தோடு இலவசமாக வந்துவிடும். அதே பாத்திரங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய அவருடைய கித்தான்களில் அந்தச் சலுகை இல்லை. நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது. பேச்சு என்னவோ மண்டையோட்டைப் பற்றித்தான்.

எவர்சில்வருக்குச் சொந்த நிறம் கிடையாது. தொங்கும் குடத்தின் தோளில் வானம், வயிற்றில் எதிர்க்கடைப் பலகையின் சிவப்பு, அடியில் தரையின் பழுப்பு. கறுப்பும் வெள்ளையும் குழைத்த சாம்பல் இதற்கு உதவாது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்து, நீலம் ஏறியதும் பழுப்பு ஏறியதுமாகச் சில சாம்பல்களை முதலிலேயே தட்டில் எடுத்துவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சுத்த வெள்ளை கடைசியில்தான், அதுவும் ஓரிரு தீற்றல்.

1962-ல் பாப் கலைஞர் வார்ஹால் தீட்டிக் காட்சிக்கு வைத்த 32 காம்ப்பெல் சூப் டப்பாக்களுக்கு அடையாளம் தந்தது கம்பெனி லேபிள். நாமோ லேபிளை உரித்துவிட்டுப் பாத்திரத்தில் பேர் வெட்டிக்கொள்கிறோம். யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு, என்ன தேதி என்று அத்தனையும் புள்ளி எழுத்தில் இருக்கும். நம் பாப் கலைக்கு இதைவிடக் கைக்கு எட்டிய விஷயம் இல்லை. இதழுக்கு வந்த படங்களில் அந்தப் புள்ளிகளை மட்டும் காணோம்!

ஓவியர் பூபேன் கக்கர் 1972-ல் கடிகாரம் பழுதுபார்ப்பவரையும் தையல்காரரையும் கடையோடு சேர்த்துத் தீட்டினார். சாலைத் தெருவிலேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன் கதைகளில் செய்ததும் ஏறக்குறைய அதுதான். பொருளை ஆளிடமிருந்து பிரிக்காமல் பார்த்தவர். தூரிகை பிடிப்பவர்களும் அவரைப் படிக்கலாம்.

அடுத்த இதழுக்குப் படம் அனுப்புவோர் பொருளை எதிரில் வைத்துத் தீட்டியதையே அனுப்புங்கள். புதுப் பாத்திரம் வேண்டாம்; நாலு இடத்தில் நெளிந்ததாக எடுங்கள். நெளிவில் பிம்பம் எந்த இடத்தில் முறிகிறது என்று பார்ப்பதற்கே ஒரு காலைப்பொழுது ஆகிவிடும்.